கெய்ன் கப்பலில் தப்பு யாருடையது?

ஹெர்மன் வோக் எழுதிய 'தி கெய்ன் மியூட்டினி' நாவலை நூறு பக்கம் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள்: போரையும் காணோம், கலகத்தையும் காணோம், ஒரு பணக்காரப் பையன் பியானோ வாசிப்பதும் காதலிப்பதுமாகப் போகிறது, மேலே படிக்கலாமா? அந்தக் கேப்டன் க்வீக் உண்மையில் பைத்தியமா, இல்லை அவரைப் பதவியிறக்கிய அதிகாரிகள்தான் தப்பு செய்தார்களா? படம் பார்த்தால் போதாதா? கதை முன்கூட்டியே தெரிந்தாலும் பரவாயில்லை என்று நீங்களே சொல்லியிருப்பதால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஆனால் படிக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோரும் க்வீக்கையே பார்த்துக்கொண்டு படிக்கிறார்கள். நீங்கள் அவருக்குக் கீழே இருக்கிற கீஃபர் என்ற அதிகாரியைப் பாருங்கள். அப்புறம், எந்த இடத்தில் நீங்களே அந்தக் கலகத்தில் சேர்ந்துவிடுகிறீர்கள் என்று உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். சேர்வீர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். வோக் நம்மை அப்படிச் சேர வைத்துவிட்டுத்தான் கடைசியில் கணக்குக் கேட்கிறார்.

நான் வணிகக் கப்பல்களில் 14 வருடம் டெக் அதிகாரியாக இருந்தவன். போர்க்கப்பலில் கால் வைத்ததில்லை. ஆனாலும் ஒரு கேப்டனும் எட்டுப் பத்து அதிகாரிகளும் மாதக்கணக்கில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இவ்வளவு சரியாகச் சொன்ன நாவலை நான் வேறு படித்ததில்லை. வோக் அதைக் கற்பனையில் எழுதவில்லை. நியூயார்க்கில் பிறந்த யூதர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், வானொலிக்கு நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தவர். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு கடற்படையில் சேர்ந்து ஜேன், சதர்ட் என்ற இரண்டு பழைய கப்பல்களில் பசிபிக்கில் வேலை பார்த்தார். இரண்டாவது கப்பலில் கேப்டனுக்கு அடுத்த நிலையான எக்ஸிகியூட்டிவ் ஆபீசர் வரை உயர்ந்தார். அந்த சதர்ட் 1945 அக்டோபரில் ஒகினாவா அருகே அடித்த சூறாவளியில் பாறைத்திட்டில் மோதி ஒழிந்தது. நாவல் 1951இல் வந்தது, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு.

கெய்ன் எப்படிப்பட்ட கப்பல் என்று மனதில் வாங்கிக்கொள்வது முக்கியம். அது புதிய டெஸ்ட்ராயர், அதாவது வேகமாக ஓடும் சிறிய போர்க்கப்பல், இல்லை. முதல் உலகப் போர்க் காலத்து வடிவமைப்பில் கட்டிய ஒல்லியான பழைய டெஸ்ட்ராயரை, கடலில் கண்ணிவெடி வாரும் கப்பலாக மாற்றியது. துருவைச் சுரண்டச் சுரண்ட அடியில் இன்னொரு துரு. மேல்தட்டில் பின்னாளில் ஏற்றிய கருவிகளின் பாரம் வேறு. கண்ணிவெடி வாருவதற்கென்று இருந்தாலும், கதையில் அது வாருவதை அநேகமாகப் பார்க்கவே மாட்டீர்கள். குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு இலக்கை இழுத்துக்கொண்டு போவது, பிற கப்பல்களுக்குத் துணை போவது, இப்படி எடுபிடி வேலைதான். போரின் பெரும்பகுதி இப்படித்தான் கழிகிறது, அலுப்பிலும் காத்திருப்பிலும். நூறு பக்கத்தில் போர் வரவில்லை என்கிறீர்கள். முந்நூறு பக்கத்திலும் நீங்கள் நினைக்கிற மாதிரி வராது. மனிதர்கள் கெட்டுப்போக அந்த அலுப்பே போதும் என்பதைத்தான் அவர் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பையன் வில்லி கீத் எதற்கு என்று கேட்கலாம். இது அவனுடைய கதை என்பதுதான் பதில். செல்லமாக வளர்ந்தவன், பிரின்ஸ்டன் பட்டதாரி, ராணுவத்துக்குக் கட்டாயமாகப் போவதைவிட இது மேல் என்று கடற்படைக்கு வருகிறான். வந்த புதிதில் பழைய கேப்டன் டி வ்ரீஸைப் பார்த்து முகம் சுளிக்கிறான், கப்பல் அழுக்கு, ஆட்கள் அரை நிர்வாணம், ஒழுங்கே இல்லை என்று. கப்பலுக்கு வந்த முக்கியமான ஓர் உத்தரவுச் செய்தியைக் கால்சட்டைப் பையில் வைத்து மறந்துவிட்டு மாட்டிக்கொள்கிறான், டி வ்ரீஸ் திட்டினால் அவர்மேல் கோபப்படுகிறான். டி வ்ரீஸ் போய், எல்லாவற்றையும் விதிப்படி செய்கிற க்வீக் வரும்போது இவனுக்கு ஏக மகிழ்ச்சி. மனிதர்களை எடைபோடுவதில் வில்லி முதல் தடவையே தோற்றுவிட்டான் என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது க்வீக். நம் ஊரில் கண்டிப்பான, கெட்டிக்கார ஆளை 'எம்டன்' என்போம், 1914இல் சென்னைமேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் நம் பேச்சில் விட்டுப்போன சொல் அது. பெயரைக் கேட்டதும் க்வீக்கும் ஓர் எம்டன் என்று எதிர்பார்த்துத்தான் பலர் படிக்க உட்காருகிறார்கள். அவர் அதற்கு நேர் எதிர். பயந்த மனிதர். தன் கைக்குக் கப்பல் வசப்படவில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் தெரியும், அது பிறருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதே அவர் முழுநேர வேலையாகிவிடுகிறது. சட்டை நுனியைக் கால்சட்டைக்குள் விடாத ஒரு மாலுமியைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கிறார், அந்த நேரத்தில் கப்பல் திரும்பிக்கொண்டே இருக்கிறது, முழு வட்டம் அடித்து, தான் இழுத்துவந்த இலக்கின் கயிற்றைத் தானே அறுத்துவிடுகிறது. உலகத்தில் எந்த கேப்டனுக்கும் இப்படி ஒன்று நடக்கலாம். 'என் தப்பு' என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. அவரால் அந்த ஒரு வரி எழுத முடியவில்லை. அங்கிருந்து சரிவுதான்.

பசிபிக்கில் குவாஜலீன் என்ற தீவில் படைகளைத் தரையிறக்கும்போது சிறு படகுகளைக் கரைப்பக்கம் வழிநடத்திப் போகவேண்டும். படகுகளைப் பின்னால் விட்டுவிட்டு வேகமாக முன்னே போய், மஞ்சள் சாயப் பொட்டலத்தைக் கடலில் போட்டு இடத்தை அடையாளம் காட்டிவிட்டுத் திரும்பி ஓடிவிடுகிறார். அன்றிலிருந்து அவருக்கு 'மஞ்சள் கறை' என்று பட்டப்பெயர். அமெரிக்கர்களுக்கு மஞ்சள் நிறம் என்றால் கோழைத்தனம். பூமத்திய ரேகைப் பக்கம் கொதிக்கிற வெயிலில், தண்ணீரை அதிகம் செலவழித்தார்கள் என்று இரண்டு நாள் குழாயை மூடிவிடுகிறார். எப்போதும் கையில் இரண்டு இரும்புக் குண்டுகள், அதை உருட்டிக்கொண்டே இருப்பார்.

அப்புறம் அந்த ஸ்ட்ராபெர்ரி. இன்னொரு கப்பலிலிருந்து கிடைத்த ஒரு கேலன் ஸ்ட்ராபெர்ரியில் மிச்சம் இருக்கவேண்டியது இல்லை. அவ்வளவுதான் விஷயம். கேப்டன் நடு இரவில் அதிகாரிகளை எழுப்பி, மணலைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு கரண்டியாக அளந்து எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போடுகிறார். யாரோ கள்ளச்சாவி செய்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிக் கப்பலில் இருக்கிற அத்தனை சாவியையும் பறிமுதல் செய்து தேடுகிறார். இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் நடுவில் வோக் ஒரு தகவலை வைக்கிறார்: சின்ன வயதில், போருக்கு முன்னால், க்வீக் ஒரு கப்பலில் சீஸ் திருட்டைக் கண்டுபிடித்துப் பாராட்டுக் கடிதம் வாங்கியவர். எதுவுமே கைகூடாத இந்தக் கப்பலில், தான் ஒரு காலத்தில் ஜெயித்த ஒரே விளையாட்டை மறுபடி விளையாடிப் பார்க்கிறார். இது புரிந்த பிறகு என்னால் அந்த இடத்தில் சிரிக்க முடியவில்லை.

சரி, மற்ற அதிகாரிகள். டாம் கீஃபர் எழுத்தாளர், நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார், அறிவாளி, பேச்சில் மன்னன். கடற்படை என்பதே மேதைகள் திட்டம் போட்டு முட்டாள்கள் நடத்துவதற்காகச் செய்த ஏற்பாடு என்று அவர் விளக்கும்போது வில்லிக்கு மட்டுமில்லை, நமக்கும் கண் திறந்த மாதிரி இருக்கும். அவருக்கு எதிரே ஸ்டீவ் மேரிக். மீனவக் குடும்பத்துப் பிள்ளை, நல்ல கப்பலோட்டி, போர் முடிந்தாலும் கடற்படையிலேயே இருக்க ஆசைப்படுபவர், படிப்பு விஷயத்தில் தன்னைத் தாழ்வாக நினைப்பவர். கேப்டனுக்கு மனநோய், அதற்கு இன்ன பெயர், இன்ன அறிகுறி என்று கீஃபர் இவர் மண்டையில் மெல்ல மெல்ல ஏற்றுகிறார். மேரிக் மனநோய்ப் புத்தகங்களை வாங்கிப் படிக்கிறார், ரகசியமாக ஒரு நோட்டில் கேப்டனின் ஒவ்வொரு கோணலையும் தேதி போட்டு எழுதுகிறார்.

அந்த நோட்டுப் புத்தகத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முழு நாவலும் எனக்கு அதில்தான் இருக்கிறது. மேரிக் நேர்மையானவர், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் ஒருவரைப் பற்றிக் குற்றப்பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டால், அவருடைய அடுத்த தப்புக்காக மனம் காத்திருக்கத் தொடங்கிவிடும். தடுக்கத் தோன்றாது, குறித்துக்கொள்ளத்தான் தோன்றும். கேப்டனிடம் நேரே போய், 'சார், அந்தக் கயிறு விஷயத்தை அப்படியே ரிப்போர்ட் பண்ணிவிடலாம், நானும் கையெழுத்துப் போடுகிறேன்' என்று யாரும் சொன்னதில்லை. இடித்துச் சொல்லவும் ஆளில்லை, தோள் கொடுக்கவும் ஆளில்லை. முதுகுக்குப் பின்னால் பாட்டுக் கட்டிச் சிரிக்க மட்டும் எல்லோரும் இருந்தார்கள்.

பிறகு கீஃபரும் மேரிக்கும் நோட்டை எடுத்துக்கொண்டு அட்மிரல் ஹால்சி இருந்து படையை நடத்தும் தலைமைக் கப்பலான நியூ ஜெர்சிக்குப் போகிறார்கள், புகார் கொடுக்க. அந்தப் பிரம்மாண்டமான கப்பலின் சுத்தமான தளத்தில் நிற்கும்போது கீஃபருக்குக் கால் பின்வாங்குகிறது. இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, நம் கப்பலின் கதையை இவர்கள் நம்பமாட்டார்கள், மாட்டிக்கொள்வோம் என்கிறார். இருவரும் திரும்பிவிடுகிறார்கள். தீயை மூட்டியவரே முதலில் ஓடுகிறார், அதுவும் நல்ல நியாயமான காரணங்களோடு. கெட்டிக்காரருக்குக் காரணத்துக்குப் பஞ்சமே வராது.

அடுத்தது புயல். இது கற்பனை இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தெரிந்துகொண்டு படித்தால் நாவலின் அந்த அத்தியாயங்கள் வேறு மாதிரி இருக்கும். 1944 டிசம்பர் 17, 18 தேதிகளில் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே ஹால்சியின் மூன்றாம் கடற்படை ஒரு சூறாவளிக்குள் மாட்டிக்கொண்டது. ஹல், ஸ்பென்ஸ், மோனகன் என்று மூன்று டெஸ்ட்ராயர்கள் கவிழ்ந்து மூழ்கின. ஏறத்தாழ 790 பேர் இறந்தார்கள், மோனகனில் பிழைத்தது ஆறே ஆறு பேர். 146 விமானங்கள் நாசம். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டு அன்று மான்ட்டரே என்ற விமானந்தாங்கியில் இளம் அதிகாரி, தளத்தில் சறுக்கிக்கொண்டே போய்க் கடலில் விழாமல் தப்பினார்.

ஏன் கவிழ்ந்தன? கப்பலின் அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டிகள் நிறைந்திருந்தால் அடி கனமாக இருக்கும், நிறையச் சாய்ந்தாலும் நிமிரும். எண்ணெய் தீரத் தீர அடி லேசாகிறது, மேலே பீரங்கியும் ரேடாரும் அப்படியே இருக்கின்றன. அப்போது காலித் தொட்டிகளில் கடல்நீரை நிரப்ப வேண்டும், பல்லாஸ்ட் என்போம். இதில் ஒரு சங்கடம் உண்டு. சீக்கிரம் எண்ணெய் கிடைக்கப்போகிறது என்றால், நிரப்பிய நீரை மறுபடி இறைத்து வெளியேற்ற நேரம் பிடிக்கும், தொட்டி அசுத்தமாகும். 17ஆம் தேதி எண்ணெய் ஏற்ற முயன்றார்கள், கடல் விடவில்லை. நாளைக்குக் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் சிலர் நீர் நிரப்புவதைத் தள்ளிப்போட்டார்கள். ஸ்பென்ஸின் எண்ணெய் அநேகமாகத் தீர்ந்தே போயிருந்தது. புயல் உச்சத்துக்கு வந்த பிறகு நிரப்பத் தொடங்கினால், பாதி நிரம்பிய தொட்டியில் நீர் பக்கத்துக்குப் பக்கம் அலைமோதும், அதுவே கப்பலைச் சாய்க்கும்.

விசாரணைக்குப் பிறகு, 1945 பிப்ரவரியில் பசிபிக் கடற்படையின் தலைவரான அட்மிரல் நிமிட்ஸ் அந்தப் படை முழுவதற்கும் ஒரு கடிதம் அனுப்பினார். அதன் சாரம் இது: கப்பலைக் காப்பாற்ற வேண்டியதையெல்லாம், செய்ய முடிகிற நேரத்திலேயே செய்துவிட வேண்டும். பிறகு தேவைப்படாமல் போய்விடுமோ என்று முன்னெச்சரிக்கையில் கஞ்சத்தனம் காட்டுவதைப்போல் ஒரு மாலுமிக்கு ஆபத்தானது வேறில்லை.

நாவலில் கெய்ன் சிக்குவதும் இந்தப் புயலில்தான். கடற்படைக்குக் கொடுத்த தெற்குத் திசையை விட்டு விலகமாட்டேன் என்று க்வீக் பிடிவாதம் பிடிக்கிறார். தொட்டிகளிலும் நீர் இல்லை. வடக்கே திருப்பிக் காற்றுக்கு முகம் கொடுத்தால்தான் பிழைப்போம் என்கிறார் மேரிக். கேப்டன் உறைந்துபோய் நிற்க, வேறு வழியில்லாத நிலையில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி அவரைப் பதவியிறக்கலாம் என்கிற கடற்படை விதிகளின் 184ஆம் பிரிவைச் சொல்லி மேரிக் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார். அந்த நேரம் கப்பலை நடத்தும் முறைப்பணியில் இருக்கிற வில்லி மேரிக் பக்கம் நிற்கிறான். கப்பல் பிழைக்கிறது. போகும் வழியில் கவிழ்ந்து மிதக்கிற இன்னொரு கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்கிறார்கள். நிஜப் புயலில் மூழ்கிய ஹல் கப்பலிலும் கேப்டனை மாற்றிவிடலாமா என்று அதிகாரிகளுக்குள் பேச்சு நடந்ததாகப் பிழைத்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே யாரும் மாற்றவில்லை. அதனால் மேரிக் அந்த நிமிடத்தில் செய்தது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

ஆனால் அந்த நிமிடம் எங்கிருந்து வந்தது? நிமிட்ஸ் கடிதம் தொட்டிகளைப் பற்றியது. எனக்கு அது கெய்ன் அதிகாரிகளைப் பற்றியதாகவும் படுகிறது. கயிறு அறுந்த நாளில், குவாஜலீனில், தண்ணீரை மூடிய அன்று, கடல் அமைதியாக இருந்தது, பேச நேரம் இருந்தது. அப்போது ஒருவரும் ஒரு வாளி நீர்கூட ஊற்றவில்லை. படத்தில் ஒரு காட்சி உண்டு, மஞ்சள் சாயச் சம்பவத்துக்குப் பிறகு க்வீக் அதிகாரிகளைக் கூட்டிவைத்துத் தடுமாறித் தடுமாறி உதவி கேட்பார், அவரால் அதற்குமேல் இறங்கிவர முடியாது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருப்பார்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்றாம் அதிகாரியாக ஒரு பல்க் கேரியரில் இருந்தபோது எங்கள் கேப்டனும் இப்படித்தான். பெயர் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு பிரிட்ஜுக்கு வந்து ரேடாரைத் திருகுவார், பால் பவுடர் டின்னை எண்ணுவார், சரக்கறைச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டே தூங்குவார். மெஸ்ஸில் அவரைப்போல் நடந்து காட்டுவதில் நான்தான் முதல் ஆள். ஒருநாள் சீனக் கரைக்கு வெளியே மூடுபனி, சுற்றிலும் மீன்பிடிப் படகுகள். கேப்டனே கப்பலை நடத்திக்கொண்டிருந்தார். ஒரு படகை அவர் தப்பாகக் கணித்துவிட்டார் என்று ரேடாரில் எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து விநாடி இருக்கும். மாட்டட்டும் என்று மனசு சொன்னது. தூத்துக்குடிக்காரரான சீஃப் ஆபீசர் என்னைத் தாண்டி முன்னால் வந்து, "சார், இந்தப் பக்கம் ஒண்ணு வருது, ஸ்டார்போர்டுல வெச்சுடலாமா?" என்று ஏதோ சாதாரண விஷயம்போலக் கேட்டார். கேப்டன் சரி என்றார். படகு விலகிப் போனது. சீஃப் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சில மாதம் கழித்துத்தான் இந்த நாவலைப் படித்தேன். கீஃபரைப் பார்த்ததும் எனக்கு அவர் யார் என்று தெரிந்துவிட்டது.

கேப்டனைப் பதவியிறக்கியதற்காக மேரிக்மேல் நடக்கிற கடற்படை நீதிமன்ற விசாரணைப் பகுதியை நீங்கள் ஒரே மூச்சில் படித்துவிடுவீர்கள், அதற்கு என் உதவி வேண்டாம். ஒன்று மட்டும். மேரிக் மேல் போட்ட குற்றச்சாட்டு 'கலகம்' என்பது இல்லை, ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் குந்தகமாக நடந்தார் என்ற பொதுவான குற்றச்சாட்டுதான். அமெரிக்கக் கடற்படைக்குக் கலகம் என்ற சொல்லே ஆகாது, படத்தின் தொடக்கத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் எதிலும் கலகம் நடந்ததே இல்லை என்று எழுத்தே போட்டார்கள். 1842இல் சோமர்ஸ் என்ற கப்பலில் கலகத்துக்குத் திட்டமிட்டதாக மூன்று பேரைத் தூக்கிலிட்ட வரலாறு இருந்தும்.

மேரிக்குக்காக வாதாடுகிற பார்னி கிரீன்வால்டு யூதர், போர் விமானி, கையில் தீக்காயம். சாட்சிக் கூண்டில் கீஃபர் மேரிக்கைக் கைவிடுகிறார். கிரீன்வால்டு க்வீக்கைக் கேள்வி கேட்டுக் கேட்டே உடைக்கிறார், மனிதர் பேசப்பேசப் பையிலிருந்து குண்டுகள் வெளியே வந்துவிடுகின்றன. மேரிக் விடுதலை. நீங்கள் மனசுக்குள் கைதட்டுவீர்கள். அன்று இரவு, கீஃபரின் நாவலை ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டதற்கான விருந்தில், குடித்துவிட்டு வந்து நிற்கிற கிரீன்வால்டு அந்தக் கைதட்டலை நம் முகத்திலேயே திருப்பி அடிக்கிறார். நீங்களெல்லாம் கல்லூரியில் படித்துக்கொண்டு பட்டாளத்தைக் கேலி செய்துகொண்டிருந்தபோது காவல் காத்தது இந்த க்வீக் மாதிரி ஆட்கள்தான், அவர்கள் இல்லாவிட்டால் ஹிட்லர் என் அம்மாவைச் சோப்பாக உருக்கியிருப்பான் என்கிறார். மேரிக்கைக் காப்பாற்ற க்வீக்கைச் சிதைக்க வேண்டியிருந்தது, ஆனால் கூண்டில் நிற்க வேண்டிய ஆள் நீதான் என்று மஞ்சள் ஒயினைக் கீஃபர் முகத்தில் வீசுகிறார்.

இந்தப் பேச்சைப் பற்றி 70 வருடமாகச் சண்டை. வோக் கடைசியில் கீழ்ப்படிதலைப் போதித்துவிட்டார், கேப்டன் எப்படியிருந்தாலும் அமைப்பே பெரிது என்கிறார் என்று வில்லியம் எச். ஒயிட் போன்ற சமூக விமர்சகர்கள் 1950களிலேயே சாடினார்கள். வில்லியும் பின்னால் தன் காதலிக்கு எழுதும் கடிதத்தில், திறமையில்லாத கேப்டன் வாய்த்தால் அவரை மகா புத்திசாலிபோலப் பாவித்து, அவர் தப்புகளை மூடி, கப்பலை ஓட்டிக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை என்கிறான். இதை நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. மூடி மறைப்பது வேறு, தாங்கிப் பிடிப்பது வேறு. வோக் இரண்டையும் கொஞ்சம் குழப்பிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் எழுதிய சம்பவங்கள் அவர் சொன்ன முடிவைவிடப் பெரியவை. விதிப்படி நடக்கிறேன் என்று தொட்டிகளில் நீர் நிரப்பாத கப்பலைப் புயலுக்குள் வைத்திருந்த கேப்டனையும் அவரேதான் எழுதினார்.

விசாரணை முடிந்ததும் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். நாவலில் ஏழு பகுதிகள், ஆறாவதுதான் விசாரணை. ஏழாவதில் கீஃபரே கெய்னின் கேப்டன் ஆகிறார். க்வீக் செய்த பலவற்றை இவரும் செய்யத் தொடங்குகிறார், அறையில் அடைந்து கிடக்கிறார், மற்றவர்களைப் பார்க்க எரிச்சல் வருகிறது. ஒகினாவா அருகே ஒரு தற்கொலை விமானம் வந்து மோதும்போது, தன் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடலில் குதித்துவிடுகிறார். வில்லி கப்பலிலேயே நின்று தீயை அணைக்கிறான். அன்றைக்குக் கீஃபர் வெட்கத்தோடு, தனக்கு இப்போது க்வீக்கைப் புரிகிறது என்று வில்லியிடம் பேசும் இடம் வருகிறதே, அதுதான் எனக்குப் புத்தகத்தின் உச்சம். கீஃபரையும் வோக் கேவலப்படுத்திவிட்டு விடவில்லை. க்வீக் அதற்குள் கடலே இல்லாத அயோவா மாநிலத்தில் ஏதோ ஒரு கடற்படைக் கிடங்கில் உட்கார்ந்திருக்கிறார்.

குறைகள் உண்டு. காதல் கதை நீளம். மே வின் என்ற அந்தப் பாடகி, பிராங்க்ஸில் பழக்கடை வைத்திருக்கும் இத்தாலியக் குடும்பத்துப் பெண், நல்ல பாத்திரம், ஆனால் வில்லி எப்போது மனம் மாறுவான் என்று காத்திருப்பதே அவளுக்கு வேலையாகிவிடுகிறது. கப்பலில் பரிமாறுகிற கறுப்பின ஊழியர்களை எழுதியிருக்கும் விதம் இன்று படிக்கக் கஷ்டமாக இருக்கும், அவர்கள் பேச்சைக் கொச்சையாக்கிச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார். அந்தக் காலத்துக் கடற்படையில் கறுப்பினத்தவர்கள் பெரும்பாலும் அந்த வேலைக்குத்தான் ஒதுக்கப்பட்டார்கள் என்பதையாவது தெரிந்துகொண்டு படியுங்கள்.

படம் 1954இல் வந்தது. ஹம்ஃப்ரி போகார்ட் க்வீக்காகச் செய்ததைப் பார்க்காமல் இருக்காதீர்கள், ஆனால் புத்தகத்துக்குப் பிறகு. ஏழாவது பகுதி படத்தில் கிடையாது, கீஃபர் கேப்டன் ஆவதும் இல்லை. ஒயின் முகத்தில் விழுந்ததோடு கீஃபர் கதை முடிந்துவிடுகிறது, பார்க்கிற நமக்கு அவரை வெறுத்துவிட்டு எழுந்துபோவது சுலபமாகிவிடுகிறது.

நீங்கள் நிறுத்தியிருக்கும் இடத்தில் டி வ்ரீஸ் இன்னும் கப்பலில்தான் இருப்பார். அவர் விடைபெற்றுப் போகும் பக்கங்களை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். மாலுமிகள் காசு போட்டு அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வைத்திருப்பார்கள். கீழே உள்ளவர்களிடம் பரிசு வாங்கக் கூடாது என்பது விதி, அதனால் வாங்க மறுப்பார். அப்புறம் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கடிகாரம் இது என்று சொல்லி எடுத்துக் கையில் கட்டிக்கொள்வார், கெய்ன் ஆட்களின் லட்சணம் நினைவிருக்கட்டும் என்று அதை அரைமணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார். வில்லி பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.